கத்தி வாங்கினது, தீட்டினது, உடைஞ்சது: மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வாவிக்கரையான்

ஓப்பினெல் 8, பிரெஞ்சு மடக்குக் கத்தி. அலகு கார்பன் இரும்பு, ஸ்டெயின்லெஸ் இல்லை. பிரான்சில் இருக்கிற மாமா கொண்டுவந்து தந்தது. இங்கே கத்தி சேர்க்கிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கல்லடியில் எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிள் சாணைக்காரர் வந்த நேரம் நான் வீட்டில் இல்லை. அம்மா குசினிக் கத்திகளோடு அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நான் படலையைத் திறக்க, கடைசிச் சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. பொறி பறக்கிறது. அலகின் நுனியிலிருந்து நடுப்பகுதி வரை, விளிம்போடு ஒட்டி, மயில் கழுத்து மாதிரி ஒரு நீலக் கோடு நகர்ந்து போகிறது. "நிப்பாட்டுங்க" என்று கத்தினேன். அவர் மிதிப்பதை நிறுத்தி, அலகை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "நீலம் வந்தாத்தான் மனே நல்ல இரும்பு. மத்தக் கத்தியளப் பாரு, ஒண்டுலயும் வரல்ல."

காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கத்தி இப்போதும் தக்காளியைத் தோலோடு அழகாக வெட்டுகிறது. ஆனால் பலகையில் வைத்து நாலு வெங்காயம் அரிந்தால் மழுங்கிவிடுகிறது. அவர் சொன்னது வெறும் வாய்ச்சவடாலா, அதில் ஏதும் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கல்முனைப் பொடியன்

வாய்ச்சவடால்தான். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 பாகை சூடு. ஓப்பினெல் அலகு மெல்லிசு, ஒரு நொடியில் ஏறிவிடும். ஏறின இடத்தில் பதம், அதாவது கூரைத் தாங்குகிற இறுக்கம், போச்சு. கதை முடிந்தது.

என் கதை வேறு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் சாக்கு விரித்து ஒருவர் "டமாஸ்கஸ்" கத்தி விற்றார். அலை அலையாய்க் கோடு, மரப் பிடி, விலையோ ஒரு சோடி செருப்பு விலை. இந்தக் காலத்தில் உண்மையான டமாஸ்கஸ் என்றால் இரண்டு வகை இரும்பை அடுக்கிக் காய்ச்சி அடித்தது. கோட்டைத் தேய்த்து அழித்தாலும் அமிலத்தில் போட்டால் திரும்ப வரும். நான் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தித் தேய்த்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. மெதுவாகச் சொன்னார்: "மகன், தேய்க்காம வச்சிருந்தா ஆயுசுக்கும் இரிக்கும்."

இவ்வளவு நேர்மையாக ஒருவன் பொய்ச் சாமான் விற்பதை நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டு எழும்பினேன். எனக்குப் பின்னால் நின்ற பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எண்ணி வைத்திருந்த காசை அப்படியே நீட்டி ஒன்றை வாங்கினான். அவனிடம் சொல்லியிருக்க வேண்டுமா? அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் எவருக்கும் வாய் வராது.

திருக்கோவில் அலை

ஒன்லைனில் ஒரு மடக்குக் கத்திக்கு "ஸ்டெயின்லெஸ் டி2" என்று இரும்பு ரகத்தைப் போட்டிருந்தது. காசு சேர்த்து எடுத்தேன். கடற்கரையில் தூண்டிலுக்கு இறால் வெட்டினோம், துடைத்து மடக்கிப் பையில் வைத்தேன். காலையில் திறந்தால் அலகில் என் பெருவிரல் ரேகை. படம் வரைந்த மாதிரித் தெளிவாய், கறலில்! அடையாள அட்டைக்குக் கொடுக்கலாம் போல.

காந்தம் வைத்துப் பார்த்தேன், டக்கென்று ஒட்டியது. அப்போதே விளங்கிவிட்டது, இது ஸ்டெயின்லெஸ்ஸே இல்லை.

கல்முனைப் பொடியன்

அண்ணே, காந்தம் ஒன்றையும் நிரூபிக்காது. வெட்டுகிற கத்திக்கு எடுக்கிற ஸ்டெயின்லெஸ் ரகங்கள் 420, 440, 12சி27 எல்லாமே காந்தத்தில் ஒட்டும். ஒட்டாதது சட்டி பானைக்கு எடுக்கிற 304. அதில் 18 வீதம் குரோமியம், 8 வீதம் நிக்கல், ஆனால் காய்ச்சித் தோய்த்தாலும் இறுகாது. ஒட்டாத கத்தி கிடைத்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

டி2 கறல் பிடித்ததற்குக் காரணம் வேறு. கறலைத் தடுக்கிற குரோமியம் 12 வீதம் இருந்தும் கார்பன் ஒன்றரை வீதம். குரோமியத்தில் ஒரு நல்ல பங்கை அந்தக் கார்பன் கட்டிப்பிடித்துக் கொள்கிறது. மிச்சம் உப்புக்காற்றுக்குக் காணாது.

திருக்கோவில் அலை

சரி தம்பி, காந்தத்தை விட்டுவிடுவோம். "ஸ்டெயின்லெஸ்" என்று எழுதி விற்றது பொய்தானே? அதைத்தான் நானும் சொன்னேன்.

சம்மாந்துறை நானா

என்னுடையது சின்னக் கதை. 2022இல் ஒரு விஜி-10 (ஜப்பான் ஸ்டெயின்லெஸ் ரகம்) கத்தி பார்த்து வைத்துவிட்டுச் சம்பளம் வரட்டும் என்று இருந்தேன். டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. கத்தி அங்கேயே கிடக்கிறது, நான் இங்கே இருக்கிறேன். சம்பளம் போட்ட அன்று அந்த விலையைத் திறந்து பார்த்த நிமிசம் இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன், இளம் பிள்ளைகளுக்கு உதவும். முதலில் கல் வாங்குங்கள். ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 என்று நொய் எண் உள்ள (எண் கூடினால் நொய் மெல்லிசு) தண்ணீர்க் கல் ஒன்று இருந்தால் சாணைக்காரரிடம் போகவே தேவையில்லை. (வாவிக்கரையான், அம்மாவுக்கும் சொல்லி வையுங்கள்.) அடுத்தது, இரும்பின் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள். 8சிஆர்13எம்ஓவி என்கிற சீன இரும்பு என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். 0.8 வீதம் கார்பன், 13 வீதம் குரோமியம், ஒழுங்காகத் தோய்த்திருந்தால் நம்மைப் போன்றவர்களுக்கு அது தாராளம். அதே இரும்பை ஒழுங்கில்லாமல் தோய்த்தவனிடம் வாங்கினால் தகரம். கத்தியில் வெறுமனே "440" என்று மட்டும் அடித்திருந்தால் 440சி என்று கனவு காணாதீர்கள், பெரும்பாலும் அது கார்பன் குறைந்த 440ஏ. இரண்டுக்கும் கார்பன் அளவில் நல்ல வித்தியாசம். விக்டோரினொக்ஸ் குசினிக் கத்தியில் இருப்பது அரை வீதக் கார்பன், 15 வீதக் குரோமியம். கூர் அடிக்கடி போகும், அடிக்கடி தீட்டலாம், கறல் பற்றிய கவலை குறைவு. பாணமையிலிருந்து வாகரை வரை கரையோரத்தில் இருக்கிற நாங்கள் முதலில் பார்க்க வேண்டியது கறலைத்தான். கார்பன் கத்தி பிடிக்கும் என்றால் சுவீடன் மொறா மாதிரி மலிவான ஒன்றை வாங்கிப் பழகுங்கள். தோல் உறையில் போட்டு மாதக் கணக்கில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். தேங்காய் எண்ணெய் பூசலாம், ஆனால் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். எடுத்துவைக்கிற கத்திக்குத் தையல் மெசின் எண்ணெய் நல்லது. அதைச் சாப்பாட்டுக்கு எடுக்கும்போது கழுவிவிடுங்கள்.

இன்னும் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

வாவிக்கரையான்

நானா, நான் கேட்டது நீலத்தைப் பற்றி.

உலைக்களம்

அப்பப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் பட்டறை. கல்முனைத் தம்பி கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

காய்ச்சித் தோய்த்த இரும்பைத் திரும்பச் சூடாக்கும்போது மேலே நிறம் வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் மண்ணிறம், ஊதா, கடைசியில் நீலம். கத்திக்கு மஞ்சளோடு நிறுத்துவோம். கோடரிக்கு ஊதா வரை போகலாம். நீலம் வில்லுக்கு, அதாவது வளைந்து திரும்ப வேண்டிய சாமானுக்கு. அப்பப்பா நீலத்தை "நல்ல பதம்" என்றே சொல்வார், வில்லுத் தகட்டை வைத்துக்கொண்டு. சாணைக்காரர் அப்படி ஒரு பட்டறையில் கேட்டதைக் கத்திக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறார் போல. மற்றக் கத்திகளில் நீலம் வராததற்கும் காரணம் உண்டு. அவை ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கும். குரோமியம் இருந்தால் நிறம் வர இன்னும் கூடச் சூடு வேண்டும்.

உங்கள் கத்தி சாகவில்லை. நீலம் பட்ட இடம்தான் மென்மை. கல்லில், தண்ணீர் விட்டு, நிறம் இருந்த அளவுக்கு விளிம்பைத் தேய்த்து இறக்குங்கள். நிறத்தை மட்டும் மினுக்கி எடுத்தால் போதாது, இரும்பே போக வேண்டும். உள்ளே பழைய பதம் இருக்கும்.

கொக்கட்டிச்சோலை வயல்

பட்டறைக்காரர் இருப்பதால் கேட்கிறேன். பழைய லொறி வில்லுத் தகட்டில் அடித்த மன்னாக்கத்தி. விதைப்புக்கு முன்னம் வரம்புப் பற்றை வெட்டும்போது பாதியில் முறிந்து, அலகு என் தோளுக்கு மேலால் பறந்து போனது. கல்லில் படவில்லை, நாயுண்ணிப் பற்றைதான். எடுத்துப் பார்த்தால் முறிந்த முகத்தில் பாதி வெள்ளி மாதிரிப் பளபளப்பு, மற்றப் பாதி கறுப்பு. பின்னால் மச்சானின் மகன் நின்றுகொண்டிருந்தான்.

அடித்தவர் நல்ல மனிதர். காசு வேண்டாம், அதே தகட்டில் மிச்சம் கிடக்கிறது, இன்னொன்று அடித்துத் தருகிறேன் என்கிறார்.

உலைக்களம்

அந்தக் கறுப்புப் பாதிதான் பழைய வெடிப்பு. பளபளப்பு அன்றைக்கு முறிந்தது. வெடிப்பு லொறியிலேயே விழுந்ததாகவும் இருக்கலாம், தோய்ச்சலில் விழுந்ததாகவும் இருக்கலாம். பாரம் ஏற்றி வருசக் கணக்கில் ஓடிய தகட்டில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

மிச்சத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். கறலைச் சுரண்டி, ஒரு இரவு மண்ணெண்ணெயில் போட்டுவைத்து, நன்றாகத் துடைத்துச் சுண்ணாம்பு பூசிக் காயவிடுங்கள். வெடிப்பு இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். கோடு வந்தால் அந்தத் துண்டை அவரிடமே காட்டுங்கள். அடித்த பிறகும் கத்திக்கு அதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள், தோய்ச்சலில் விழுகிற வெடிப்பு அப்போதுதான் தெரியும்.

சம்மாந்துறை நானா

மண்ணெண்ணெய் விற்கிற விலைக்குப் புதுக் கத்தியே வாங்கலாம்.