முரட்டுக் குழந்தைக்கு விளையாட்டுச் சிகிச்சை: பலன் யாரால்?

மருதன்:
வகுப்பில் மற்ற பிள்ளைகளை அடிக்கிற, சின்ன மறுப்புக்கும் கையில் கிடைத்ததை வீசியெறிகிற ஐந்தாறு வயதுக் குழந்தைகளை விளையாட்டுச் சிகிச்சைக்கு அழைத்துப் போகுமாறு பள்ளிகள் பெற்றோரிடம் சொல்லத் தொடங்கியிருக்கின்றன. எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்திருப்பதால் கேட்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம், பொம்மைகளும் மணல் தட்டும் உள்ள அறையில் குழந்தை தன் விருப்பப்படி விளையாட, சிகிச்சையாளர் அருகில் அமர்ந்திருந்தால், வாரத்தின் மீதி நேரமெல்லாம் வீட்டிலும் பள்ளியிலும் அதன் நடத்தை எப்படி மாறும்? விளையாட்டு குழந்தைக்கு நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை; அதைச் சிகிச்சை என்று அழைத்துக் கட்டணம் வாங்குவதற்கு ஆதாரம் என்ன என்பதே கேள்வி.

கயல்விழி:
நான் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராகப் பணியாற்றுகிறேன், ஆகவே என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருதன் அவர்களே, அந்த அறையில் சிகிச்சையாளர் சும்மா அமர்ந்திருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழியில் வந்த வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947இல் வகுத்த முறையில், விளையாட்டைக் குழந்தை நடத்துகிறது. அதில் வெளிப்படும் உணர்ச்சியை உடனுக்குடன் கண்டுகொண்டு, குழந்தைக்கு விளங்கும் சொற்களில் திருப்பிச் சொல்வது சிகிச்சையாளரின் வேலை. தம்பி பிறந்த பிறகு முரடாகிப்போன குழந்தை, பொம்மை வீட்டிலிருந்து குட்டிப் பாப்பாவை மறுபடி மறுபடி வெளியே எறியும்போது, "அந்தப் பாப்பா இங்கே இருப்பது உனக்குப் பிடிக்கவில்லை" என்று கண்டிப்பின்றிச் சொல்ல ஒருவர் இருக்கிறார். தனக்குள் நடப்பதைச் சொல்லத் தெரியாததால்தானே அது கையை ஓங்குகிறது?

எல்லையும் உண்டு. சிகிச்சையாளரை அடிக்க வந்தால், "உனக்கு என் மேல் கோபம், என்னை அடிக்கக் கூடாது, அந்தக் காற்றடைத்த பொம்மையை அடிக்கலாம்" என்று உணர்ச்சியை ஏற்று, வரம்பைச் சொல்லி, மாற்று வழியைக் காட்டுவார்கள். இதை நூறுமுறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

ஆதாரம் கேட்டீர்கள். சூ பிராட்டனும் உடன் பணியாற்றியவர்களும் 2005இல் 93 ஒப்பீட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, சிகிச்சை பெற்ற குழந்தைகளுக்கும் பெறாதவர்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் விளைவின் அளவு 0.80 என வந்தது. உளவியல் ஆய்வுகளில் இது பெரிய விளைவாகவே கொள்ளப்படுகிறது.

மருதன்:
அதே தொகுப்பை நானும் படித்தேன். அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகள் 1953 முதல் 2000 வரையிலானவை. பல மிகச் சிறியவை. குழந்தை சிகிச்சை பெறுவதை அறிந்த பெற்றோரே "இப்போது பரவாயில்லை" என்று மதிப்பெண் போட்டால், அந்த மதிப்பெண்ணில் அவர்களுடைய நம்பிக்கையும் கலந்துதான் இருக்கும். ஆக்ஸ்லைன் வழியில், குழந்தையை மையமாகக் கொண்ட முறையை மட்டும் எடுத்துக்கொண்டு 52 ஆய்வுகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டுக் கட்டுரையில் அளவு 0.47 ஆகக் குறைந்துவிட்டது. பயனில்லை என்று நான் சொல்லவில்லை, விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு இல்லை என்கிறேன்.

இன்னொன்றை நீங்கள் சொல்லாமல் விட்டீர்கள். 2005 தொகுப்பில் தொழில்முறைச் சிகிச்சையாளர்கள் நடத்தியபோது 0.72, பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது 1ஐத் தாண்டியது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பும் 2013 வழிகாட்டுதலில், கடுமையான நடத்தைச் சிக்கல் உள்ள 3 முதல் 11 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியையே பரிந்துரைக்கிறது. அப்படியானால் பணத்தை அந்த அறைக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

கயல்விழி:
நீங்கள் காட்டும் அந்த உயர்ந்த எண்ணும் விளையாட்டுச் சிகிச்சைக்கு உரியதுதான். பெர்னார்ட் கெர்னியும் லூயிஸ் கெர்னியும் 1960களில் உருவாக்கிய முறையில், ஆக்ஸ்லைன் வழிச் சிகிச்சையாளர் செய்வதையே தாய் தந்தையர் கற்றுக்கொண்டு தங்கள் குழந்தையுடன் செய்கிறார்கள். ஷீலா ஐபெர்க் 1970களில் வகுத்த பெற்றோர் பயிற்சியின் முதற்பகுதியும் விளையாட்டே: தினமும் ஐந்து நிமிடம் குழந்தையின் போக்கில் விளையாட வேண்டும், கட்டளையிடக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, குறை சொல்லக் கூடாது. நம் வீடுகளில் கேள்வி கேட்காமல் ஐந்து நிமிடம் இருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

மருதன்:
ஐபெர்க் முறைக்கு இரண்டாம் பகுதியும் உண்டே! தெளிவான கட்டளை, கீழ்ப்படிந்தால் பாராட்டு, மறுத்தால் முன்பே சொல்லிவைத்த விளைவு. அடிக்கிற குழந்தைக்கு அந்தப் பாதி இல்லாமல் எப்படி முடியும்? உங்கள் அறையில் அது இல்லை.

யாழினி:
நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். போர் பாதித்த வட இலங்கையில் 399 பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2012இல் வெளியானது. அது தூய விளையாட்டுச் சிகிச்சை அன்று; கூட்டு விளையாட்டு, நாடகம், ஓவியம் ஆகியவற்றுடன் சிந்தனை, நடத்தைப் பயிற்சிகளையும் சேர்த்துப் பள்ளியிலேயே 15 அமர்வுகளாக நடத்தியது. மன வடுவிலும் மனச்சோர்விலும் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆனால் மன வடு அறிகுறிகளைப் பார்த்தால், ஒப்பீட்டுக்காக அந்தப் பயிற்சி தரப்படாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்த பெண் பிள்ளைகள் தேறிய அளவுக்குப் பங்கேற்ற பெண் பிள்ளைகள் தேறவில்லை. கயல்விழி அக்கா, "விளையாட்டுத்தானே, கெடுதல் வராது" என்று எங்கள் பள்ளிகளுக்கு வந்து போகிறவர்கள் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கயல்விழி:
அந்தக் கட்டுரையை நான் மறுக்கவில்லை, யாழினி. இழப்பு, மணமுறிவு, மருத்துவமனை அச்சம், அடக்கிவைத்த பதற்றம் ஆகியவற்றால் தடுமாறும் சிறு குழந்தைக்கு இந்த அறையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எதிர்த்து நிற்பதும் அடிப்பதும் மட்டுமே சிக்கல் என்றால், பெற்றோர் பயிற்சியோடு சேர்த்தே தொடங்குவேன்.

மருதன்:
அப்படியானால் பெற்றோரைச் சேர்க்காத இடத்துக்கு நான் போகப்போவதில்லை. முதல் நாளிலேயே எது மாற வேண்டும் என்று எழுதிக்கொள்ள வேண்டும், வகுப்பாசிரியரிடமும் கேட்டறிய வேண்டும், உள்ளே பிள்ளை என்ன செய்தது, என்ன சொன்னது என்பதை எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

கயல்விழி:
முதல் இரண்டுக்கும் உடன்படுகிறேன். மூன்றாவதற்கு இல்லை. குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் உடனே சொல்வோம். பொதுவாக எந்த உணர்ச்சி மேலோங்கியிருக்கிறது என்பதையும் சொல்வோம். பாப்பா பொம்மையை எத்தனை முறை எறிந்தது என்பதைச் சொன்னால், அன்று மாலையே வீட்டில் "ஏன் எறிந்தாய்?" என்ற விசாரணை தொடங்கிவிடும், அடுத்த வாரம் குழந்தை அந்தப் பொம்மையைத் தொடாது.

மருதன்:
பணம் கட்டுகிற தகப்பனுக்கு அது போதாது.