சிறைத் தண்டனை லேசாகிவிட்டதா?

கொங்குச் செல்வன்:
இப்போது சிறையில் கோழிக்கறி, டிவி, வீட்டுக்குப் பேச போன். அந்தக் காலத்தில் களியும் கல்லுடைப்பும்தான். ஜெயில் என்றாலே ஆள் நடுங்குவான். இன்று உள்ளே போய் வந்தவனுக்கு பேனர் வைக்கிறார்கள். செயினைப் பறிகொடுத்து அடிபட்டுக் கிடக்கும் பெண்ணைப் பற்றி யாருக்குக் கவலை? பழையபடி கடுமை வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

வாய்தா மலர்:
செல்வன் சார், உள்ளே இருப்பது யார் என்று முதலில் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. நூறு பேர் இருக்கவேண்டிய இடத்தில் 131 பேர் படுக்கிறார்கள். இதையா சொகுசு என்கிறீர்கள்?

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களை வக்கீலாக நான் தொடர்ந்து பார்க்கிறேன். சொத்துள்ள இரண்டு பேரை ஜாமீன்தாரராகக் கூட்டிவா என்றால் கூலிக்காரன் எங்கே போவான்? 1978 மோத்தி ராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். சகோதரர் பிணை நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர்தான் 1,000 ரூபாய்க்கு, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். இன்றும் அதே கதைதான் நடக்கிறது.

கொங்குச் செல்வன்:
வக்கீலம்மா, நான் ஏழையைப் பற்றிப் பேசவில்லை. ஜாமீனில் வந்து அடுத்த வாரமே கத்தியைத் தூக்குகிறவனைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் தெருவில் அப்படி ஒருவன் இருக்கிறான். சாட்சி சொல்லவே ஆள் பயப்படுகிறது.

ஏடு புரட்டி:
அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பழைய கடுமை எதற்காக வந்தது என்று பாருங்கள். வெள்ளையர் ஆட்சியில், 1838-ல் மெக்காலே இடம்பெற்ற சிறைக் குழு, கைதிக்குப் படிப்பு, நன்னடத்தைக்குச் சலுகை எதுவும் வேண்டாம், சலிப்பூட்டும் வேலைதான் வேண்டும் என்றது. 1894 சிறைச் சட்டம் 30 கசையடி வரை அனுமதித்தது. கைதியைத் திருத்துவதும் சிறையின் வேலை என்று ஒரு குழு அழுத்திச் சொல்ல 1919-20 வரை ஆயிற்று. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தது அதற்கு முந்தைய அந்தக் கடுமையான ஏற்பாட்டில்தான். அந்தச் செக்கு இன்று கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது.

கொங்குச் செல்வன்:
வ.உ.சி.யையும் வழிப்பறிக்காரனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கேட்கவே மனம் கொதிக்கிறது.

ஏடு புரட்டி:
வைத்தது நான் இல்லை அண்ணே, வெள்ளைக்காரன் சட்டம். சுதந்திரம் வந்து இத்தனை ஆண்டாகியும் பல மாநிலங்களில் அதன் சாயல் போகவில்லை. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்ததும் வெறும் மாதிரிச் சட்டம்தான். ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் கையில்.

தாமிரபரணி:
பாளையங்கோட்டைச் சிறையை யாரும் சொல்லவில்லையே. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்தார்கள். மோதல் வராமலிருக்க அதுதான் வழி என்று அதிகாரிகள் சொன்னதை உயர் நீதிமன்றமும் ஏற்றது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஒரே பிளாக்கில் போட்டு வெட்டிக்கொண்டால் யார் பொறுப்பு?

வாய்தா மலர்:
2024 அக்டோபர் 3-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவேட்டில் சாதிக் கட்டமே கூடாது, கழிவறை சுத்தம் செய்வதைச் சாதி பார்த்துக் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மோதல் பயம் இருந்தால் வார்டர்களை, அதாவது சிறைக் காவலர்களைக் கூட்டுங்கள், முன்பகை உள்ளவர்களைப் பெயர் பார்த்துப் பிரியுங்கள். பிறப்பைப் பார்த்துப் பிரிப்பதை அரசே செய்யக் கூடாது.

தாமிரபரணி:
தீர்ப்பு சரி. இருக்கிற வார்டர்களை வைத்துக்கொண்டு ராத்திரியில் அங்கே நிற்பவனைக் கேளுங்கள்.

கொங்குச் செல்வன்:
தண்டனை பெற்றவனுக்குச் சலுகை வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை. தீர்ப்பு வராதவன் கதை வேறு. அவன் வழக்கைச் சீக்கிரம் முடியுங்கள்.

வாய்தா மலர்:
அதற்குச் சட்டம் இருக்கிறது சார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவுப்படி, முதல்முறை சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்திருந்தால் பிணையில் விட வேண்டும். ஆயுள், தூக்கு வழக்குகளுக்குப் பொருந்தாது. பல வழக்கு உள்ளவருக்கும் இல்லை. உங்கள் தெரு ஆள் இதில் வரமாட்டார். மனு போடச் சொந்தபந்தம் இல்லையென்றாலும், அந்தக் காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எத்தனை சிறைகளில் எழுதுகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் மாவட்டத்துக்குக் கேளுங்கள்.