கோடிங் டீகோடிங்ல மாட்டிகினேன், யாராச்சும் சொல்லுங்க

அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம், நான் காட்பாடி, ரயில்வே என்டிபிசி எக்ஸாமுக்கு படிச்சிகினு இருக்கேன், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல 100 கேள்வில ரீசனிங்கே 30, மொத்தம் 90 நிமிஷம் தான், அதுல இந்த கோடிங் டீகோடிங் (வார்த்தைய நம்பராவோ வேற எழுத்தாவோ மாத்தற கேள்வி) வந்தாலே அங்கயே உக்காந்துடறேன். ஏ னா 1 இசட் னா 26, ஈ ஜே ஓ டீ ஒய் வெச்சி 5, 10, 15, 20, 25 ஞாபகம் வெச்சிக்கறது, எதிர் எழுத்துனா (ஏ-க்கு இசட், பி-க்கு ஒய் மாதிரி) ரெண்டையும் கூட்டினா 27 வரும், இதெல்லாம் தெரியும். நம்பர் கோடு தான் இடிக்குது.

நேத்து கோட்டை பார்க்ல ஃப்ரண்ட்ஸோட போட்டது இது: ஆப்பிள் 55, மேங்கோ 55, அப்போ ஆரஞ்ச் இன்னா? இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க கூட்டினா ஆப்பிளும் 50 மேங்கோவும் 50 (இது எப்படி ஒண்ணா வருதுன்னே ஆச்சரியம்), ஆரஞ்ச் 60. நான் சும்மா 5 கூட்டி 65 போட்டேன், ஆன்சர்ல 66னு இருக்கு, எத்தனை எழுத்தோ அத கூட்டணுமாம். ரெண்டு வார்த்தையுமே 5 எழுத்து தான, அப்போ என்னுது எப்படி தப்பு? ஆப்ஷன்ல ரெண்டுமே வேற இருக்கு!

இந்த மாதிரி வந்தா எத எடுக்கறது, இல்ல விட்டுட்டு போய்டலாமா, தப்புக்கு மூணுல ஒரு பங்கு மார்க் வேற போகுது. எழுதி பாஸ் ஆனவங்க யாராச்சும் சொல்லுங்களேன்.