மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து மறுபடி ரத்தம்: சதைப் பரிசோதனைக்குப் போன என் அனுபவம்

பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர் எனக்கு. வயது 57. பாசி எடுக்கக் கடலில் இறங்குகிறவள். அன்றைக்குக் கரையேறித் துணி மாற்றும்போது பாவாடையில் காசு அளவுக்கு ரத்தக்கறை. பாறை கீறியிருக்கும் என்று கழுவிப் போட்டுவிட்டேன். பத்து நாளில் மறுபடியும். உடம்புச் சூடு என்று வெந்தயத்தைக் குடித்தே மூன்று மாதத்தை வீணாக்கினேன். மதினியிடம் வாய்திறந்த பிறகுதான், "நின்றபிறகு ஒரு சொட்டு வந்தாலும் காட்ட வேண்டும், கிளம்பு" என்று ராமநாதபுரம் பஸ்ஸில் ஏற்றினார்.

ஸ்கேன் என்றதும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துப் போனேன். இது உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன், சிறுநீர் கழித்துவிட்டு வா என்றார்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 11 மில்லிமீட்டர் இருந்தது. 4 வரை என்றால் பெரும்பாலும் புற்றுநோய் பயமில்லையாம், எனக்குச் சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா.

மயக்க மருந்து கிடையாது. 3 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். ஒரு நிமிடம்தான், ஆனால் வலித்தது. பிரசவ வலி பிடிக்குமே, அதே இழுப்பு. "எறும்புக் கடிதான்" என்று நர்ஸ் சொன்னதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. வலிக்கும் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை போட்டிருக்கலாம் என்பதையும் யாரும் சொல்லவில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. ரத்தம் மட்டும் நிற்கவில்லை. மெல்லிய கேமராவை விட்டு, உப்புநீரால் கர்ப்பப்பையை விரித்துப் பார்த்தார்கள். திரையில் நானே பார்த்தேன், சின்னக் கொழுந்து போல ஒரு சதைவளர்ச்சி. குழாய் அதைத் தொடாமலே வந்திருக்கிறது. இந்த முறை மாத்திரை போட்டுப் போனேன். நடுவில் "நிறுத்துங்கள்" என்றேன், உடனே நிறுத்தினார்கள். மூச்சு விட்டபிறகு அதை எடுத்தார்கள். சாயங்காலம் வீட்டில் இருந்தேன். கசிவு நிற்கும்வரை கடலில் இறங்கவில்லை.

*

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன், அக்கா. எங்கள் உம்மாவுக்கு 64 வயது, சர்க்கரையும் உண்டு. பெண் டாக்டர் இருந்தால்தான் வருவேன் என்றார். கேட்டோம், ஏற்பாடு செய்தார்கள். அதே குழாய்ப் பரிசோதனையில் புற்று தெரிந்தது, ஆரம்ப நிலையிலேயே. மதுரையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். முதல் கறையைப் பார்த்த அன்றே என்னிடம் சொன்னவர் அவர்.

*

அக்கா, என் மாமியாருக்கு அடுத்த வாரம் இந்தப் பரிசோதனை. இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். என்ன எடுத்துப் போக வேண்டும்?

*

சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போ, தங்கச்சி. ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை அதில் இருந்தால் முதலில் அதைச் சொல். நீயாக எதையும் நிறுத்தாதே, வலி மாத்திரையையும் கேட்டே கொடு. மாற்றுத் துணியும் நாப்கினும் வை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்குமா பார், நின்றுகொண்டு வர முடியாது.