50 வாட், மாடியில் ஒரு டைபோல்: குரல் போட்டியில் என் கால்சைன் யாருக்கும் புரிவதில்லை

தட்டச்சு டீச்சர், கடலூர்

வணக்கம். மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். வீடு தேவனாம்பட்டினம் போகிற வழியில். மொட்டைமாடியில் ஏறினால் கடல் தெரியும். ஹாம் (அமெச்சூர் ரேடியோ) உரிமம் வாங்கி இரண்டு வருடம் ஆகப்போகிறது. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, அதனால் 50 வாட்தான். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு இரும்புக் குழாய் நட்டு, 20 மீட்டர் அலைவரிசைக்கான டைபோலை (இரண்டு பக்கமும் கம்பி நீட்டிய ஆன்டெனா) கவிழ்த்த ‘வி’ மாதிரி கட்டியிருக்கிறேன். உச்சி தரையிலிருந்து 9 மீட்டர் இருக்கும்.

போன அக்டோபர் கடைசியில் சி.க்யூ. வேர்ல்ட் வைட் குரல் போட்டிக்கு உட்கார்ந்தேன். உலகம் முழுக்க எத்தனை ஹாம்களோடு பேச முடிகிறது என்று பார்க்கிற போட்டி. 48 மணி நேரப் போட்டியில் நான் தாக்குப்பிடித்தது மூன்று மணி நேரம். லாகில் (பேசியவர்களைக் குறித்துவைக்கிற பதிவேட்டில்) பதினோரு வரி. ரேடியோவைக் குறை சொல்ல மனசு வரவில்லை. என் வாய்தான் காரணம் என்று தோன்றுகிறது.

என் கால்சைன் (நிலையத்தின் அடையாளக் குறி) VU3 என்று தொடங்கும். எழுத்துக்கு ஒரு சொல்லாக “விக்டர் யூனிஃபார்ம் த்ரீ” என்று ஆரம்பிக்கிறேன். “விஸ்கி (W) யூனிஃபார்ம்?” என்று கேட்கிறார் ஓர் இத்தாலிக்காரர். என் கால்சைனில் அடுத்து ஒரு ‘ப்ராவோ’ (B) வருகிறது. அதைப் பாதிப்பேர் ‘பாப்பா’ (P) என்று எடுத்துக்கொண்டார்கள். நாற்பது வயதில் பாப்பா! ஒரு ருமேனியாக்காரர் பாவம், ஐந்து முறை திருப்பிக் கேட்டார். அதற்குள் அவருக்குப் பின்னால் இருபது பேர் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் “சாரி, நோ காப்பி” என்று சொல்லிவிட்டு அடுத்தவரை எடுத்துக்கொண்டார். பக்கத்து அறையில் பையன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். பட்டென்று ஆஃப் செய்துவிட்டேன்.

இதற்கு 50 வாட் காரணமா, என் உச்சரிப்பு காரணமா? இரண்டும் என்றால் எதை முதலில் சரிசெய்வது? இன்னொரு கூத்து: லாகில் நம் கடிகார நேரத்தையே எழுதிவிட்டேன். வெட்கப்பட்டுக்கொண்டு அனுப்பவேயில்லை. இந்த வருடமாவது ஒழுங்காகச் செய்ய ஆசை.

நெல்லித்தோப்பு பையன், புதுச்சேரி

அக்கா, முதலில் வாட்டைப் பற்றிய கவலையை விடுங்கள். 50-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபெல். சிக்னலின் வலுவைக் காட்டுகிற ரேடியோ மீட்டரில் அது அரை எஸ்-யூனிட், அதாவது அரைப் படி. எதிரில் இருப்பவருக்குப் பெரிதாகத் தெரியாது.

மைக் கெயினைப் பாருங்கள். கேட்கவில்லை என்றதும் எல்லோரும் செய்வது கெயினை ஏற்றுவது, கம்ப்ரஷனை ஏற்றுவது, அப்புறம் மைக்கை விழுங்குவது. ஏ.எல்.சி. ஊசி (குரல் அளவு மீறுகிறதா என்று காட்டுவது) எகிறினால் குரல் கரகரவென்று உடைந்து பக்கத்து அலைவரிசையிலும் சிதறும். சத்தம்தான் கூடும், எழுத்து புரியாது. உச்சரிப்பு என்று நீங்கள் நினைப்பதில் பாதி இதுவாக இருக்கலாம். இணையம் வழியாகவே கேட்கக்கூடிய எஸ்.டி.ஆர். ரிசீவர் (வேறு ஊரில் இருக்கிற கணினி ரேடியோ) ஏதாவது ஒன்றைத் திறந்து, உங்கள் குரல் உங்களுக்கே எப்படி வருகிறது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். எனக்கு என் குரல் வாளிக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

இரண்டாவது, 20 மீட்டரை விட்டுவிட்டு 15-க்கு வாருங்கள். போட்டி நாளில் 20 மீட்டர் என்பது தீபாவளிக்கு முந்தின நாள் நேரு வீதி. சூரியன் துடிப்பாக இருந்தால்தான் 15 நன்றாகத் திறக்கும். சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-ல்தான் வந்தது, இன்னும் 15 நன்றாகவே திறக்கிறது. பக்கத்துக்கு 3.35 மீட்டர் கம்பி போதும். உங்கள் 9 மீட்டர் உயரம் 20-ல் அரை அலைநீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. 15-ல் அரை அலையைத் தாண்டிவிடும், அலை தாழ்வாகக் கிளம்பித் தூரமாகப் போகும். ஒரே பேண்டில் (அலைவரிசையில்) மட்டும் கலந்துகொள்ளத் தனிப் பிரிவு இருக்கிறது. உரிமம் வாங்கி 3 வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு ரூக்கி (புதியவர்) என்று ஒன்றும் இருக்கிறது, அதையும் டிக் செய்யுங்கள்.

நேரத்துக்கு லாகிங் மென்பொருள் போதும், அதுவே யூ.டி.சி. (உலகப் பொது நேரம்) போட்டுவிடும். நமக்குச் சனிக்கிழமை காலை 5.30-க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30-க்கு முடியும். யார் எங்கே இருக்கிறார்கள் என்று கிளஸ்டரில் (மற்ற ஹாம்கள் இணையத்தில் போடுகிற பட்டியல்) பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டால் மட்டும் ‘அசிஸ்டட்’ (உதவி பெற்றவர்) பிரிவில் போட வேண்டும். அதில் ஏமாற்றாதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள்.

லாஸ்பேட்டை தந்திக்காரர், புதுச்சேரி

டீச்சரம்மா, தம்பி கம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டான். நான் வாயைப் பற்றிச் சொல்கிறேன். தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விரலால் பேசிப் பழகிய ஆள், குரல் எனக்குப் பிற்பாடுதான் வந்தது. அதனால் உங்கள் கஷ்டம் தெரியும்.

நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். சொல்லின் முதலில் வந்தால் நம் வாய் அதை இறுக்கமாகத்தான் சொல்லும்: பல், படம், பாப்பா. ‘அம்பு’ என்கிறபோது தானாக இளகும். அந்த இளகிய ‘பு’ உங்களுக்குச் சொல்லின் முதலிலேயே வேண்டும். அதற்கு ஒரு வழி: வாயை மூடி ‘ம்ம்’ என்று தொடங்கி ‘ம்ப்ராவோ’ என்று சொல்லுங்கள். அந்த ‘ம்’ அந்தப் பக்கம் கேட்காது, ப்ராவோ மட்டும் போய்ச்சேரும். அப்படியும் சரிப்படவில்லையா, இரண்டாம் முறை ‘பிரேசில்’ என்று மாற்றிச் சொல்லுங்கள்.

விக்டரும் இதே கதைதான். தமிழ் ‘வ’வை நாம் உரசல் இல்லாமல் லேசாகச் சொல்லிவிடுகிறோம், வெள்ளைக்காரன் காதில் அது ‘டபிள்யூ’. கீழுதட்டை மேல்பல் நன்றாகத் தொட வேண்டும். மைக் இல்லாமல், கண்ணாடி முன்னால் பத்து நாள் சொல்லிப்பாருங்கள். பையன் சிரித்தால் சிரிக்கட்டும். ‘த்ரீ’க்கு மட்டும் கவலையே வேண்டாம். விமானிகளின் உச்சரிப்பு விதியிலேயே 3 என்பது ‘ட்ரீ’தான். நாம் சொல்வதைத்தான் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது கூப்பிடுகிற முறை. கால்சைனை முழுதாக ஒரே ஒரு முறை சொல்லுங்கள், உடனே வாயை மூடிக் கேளுங்கள். பாதியைப் பிடித்துக்கொண்டு “யூனிஃபார்ம் த்ரீ?” என்று வந்தால் மறுபடி முழுதாக, அதே வேகத்தில். “மை கால்சைன் இஸ்” எல்லாம் வேண்டாம். அவர் தப்பாகச் சொன்னால் ‘59 22’ (59 என்றால் நன்றாகக் கேட்கிறது, 22 நம் மண்டல எண்) கொடுக்காதீர்கள், முதலில் கால்சைன் திருந்தட்டும். நீங்களும் அவருடைய கால்சைனை உறுதிசெய்துகொண்டு எழுதுங்கள். தப்பாக எழுதினால் அந்தத் தொடர்பு போவதோடு தண்டமாகப் புள்ளியும் வெட்டுவார்கள். போட்டி முடிந்தபிறகு எங்கேயோ தேடிப்பார்த்துத் திருத்துவதும் கூடாது. தட்டச்சு டீச்சருக்கு நான் சொல்லவா வேண்டும், அடிக்கும்போதே சரியாக அடிப்பதுதான்.

அப்புறம் நேரம். சனிக்கிழமை காலையில் பெரிய ஸ்டேஷன்களோடு மோதாதீர்கள். அப்போது அவர்களுக்கு ஊரே வரிசையில் நிற்கிறது, மெல்லிய குரலுக்குப் பொறுமை இருக்காது. ஞாயிறு பிற்பகலில் பாருங்கள். எல்லோரையும் பேசித் தீர்த்துவிட்டு, அதே ஐரோப்பியர்கள் ஆளில்லாமல் “சி.க்யூ. காண்டெஸ்ட், சி.க்யூ. காண்டெஸ்ட்” என்று கூவிக்கொண்டிருப்பார்கள். போட்டிக்காக உலகத்தை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், நாம் 22-ஆம் மண்டலம். அந்த மண்டலமும் இந்தியா என்கிற நாடும் அவர்கள் மொத்தக் கணக்கைப் பெருக்குகிற எண்கள். உங்களுக்கு அவர்கள் தேவைப்படுவதைவிட அவர்களுக்கு நீங்கள் தேவை. அப்போது ஐந்து தரமில்லை, பத்துத் தரம் திருப்பிக் கேட்பார்கள்.

வாக்ஸ் (சத்தம் கேட்டதும் ரேடியோ தானாக டிரான்ஸ்மிட் ஆகிற) வசதியைப் பயன்படுத்தாதீர்கள். 2019-ல் போட்டியின் ஞாயிறும் தீபாவளியும் ஒரே நாள், அக்டோபர் 27. கை ஓய்வாக இருக்கட்டுமே என்று வாக்ஸ் போட்டுவிட்டு, அதிரசத்தோடு உட்கார்ந்தேன். தெருவில் அணுகுண்டு வெடிக்கும்போதெல்லாம் என் ரேடியோ தானாக டிரான்ஸ்மிட் ஆனது. ஒரு ஜப்பானியர் கால்சைன் சொல்லிக்கொண்டிருக்க, நான் அவர் தலையில் வெடி போட்டேன். அவர் மரியாதையாக “அகெய்ன் ப்ளீஸ்” என்றார். மறுபடி வெடி. மூன்றாம் தரம் ஆள் இல்லை. அந்த வருடம் சூரியனும் அடங்கிக் கிடந்தது, 10 மீட்டர் செத்துப்போயிருந்தது, கிடைத்த ஒருவரையும் இப்படி விரட்டினேன்.

பெயர் வேண்டாம்

போட்டி நடக்கிற இந்த இரண்டு நாளும் நான் ரேடியோவைத் தொடுவதில்லை. காதில் விழாதவனுக்கும் “யூ ஆர் ஃபைவ் நைன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் “யுவர் கால் அகெய்ன்?” என்று கேட்கிற கூட்டம். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இதற்கு ஏன் மாடியில் குழாய் நடவேண்டும்? பேச ஆசை என்றால் 17 மீட்டருக்கு வாருங்கள், அங்கே போட்டி கிடையாது.

லாஸ்பேட்டை தந்திக்காரர்

59 விஷயம் நியாயம்தான், எனக்கும் சிரிப்பு வரும். 17 மீட்டரும் நல்ல இடம். ஆனால் 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. வி.யூ.4 ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் ஆயிரக்கணக்கானவர்களோடு இப்படித்தான் சில நொடிக்கு ஒருவராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுனாமி வந்த அன்று அதே ஆட்கள், அதே ரேடியோ, அவசரச் செய்திக்கு மாறிவிட்டார்கள். இரைச்சலுக்குள் ஒரு பெயரைப் பிடிக்கிற காது சும்மா வராது சார். தேவனாம்பட்டினத்து ஆட்களுக்கு அந்த நாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தட்டச்சு டீச்சர், கடலூர்

போட்டி முடிந்து இன்றைக்கு மூன்றாம் நாள். எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன்.

15 மீட்டர் டைபோல் கட்டினேன். பழைய குழாயிலேயே, ஆனால் முனைகளில் புதுக் கயிறு. உப்புக் காற்றில் பழைய இணைப்பு பச்சை பூத்திருந்தது, சுரண்டி எடுத்து ஈயம் வைத்தேன். மைக் கெயின் பாதிக்கு மேல் இருந்தது, தம்பி சொன்னபடி இறக்கினேன். கண்ணாடி முன்னால் ம்ப்ராவோ, ம்ப்ராவோ என்று நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, தட்டச்சு வகுப்புக்கு வந்த பெண் ஒருத்தி மெதுவாக வெளியே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் ஜப்பான் கொட்டியது. ஐயா பேச்சைக் கேட்டு பெரிய ஆட்களைத் தொடாமல் ஓரமாக இருந்தவர்களை மட்டும் எடுத்தேன். மாலை ஐரோப்பா திறக்கிற நேரம் பார்த்து மழை, நல்ல மின்னல். கோஆக்ஸை (ஆன்டெனா கேபிளை) கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஐப்பசியில் போட்டி வைத்தவர்களுக்கு நம் ஊர் தெரியாது போல.

ஞாயிறு பிற்பகல்தான் எல்லாமே. ஒரு ஃபின்லாந்துக்காரர் என்னிடம் நான்கு முறை கேட்டார். நான்காம் முறை ‘பிரேசில்’ என்றேன், பிடித்துக்கொண்டார். மொத்தம் 43 தொடர்புகள். அதில் 31 வேறு கண்டம், தலைக்கு 3 புள்ளி. 12 ஆசியா, தலைக்கு 1. ஆக 105. மண்டலம் 13, நாடு 24. இரண்டையும் கூட்டி 37, அதை 105-ஆல் பெருக்கினால் 3,885. உலகத்தில் இது எத்தனையாவது கடைசி என்று யாரும் சொல்லவேண்டாம். ஒரே ஒருவர்தான் விஸ்கி என்றார்.

ஒரு சந்தேகம். இரண்டு பேரைத் தெரியாமல் இரண்டாம் தரம் பேசிவிட்டேன். மேலே சொன்ன 43-ல் அவை சேரவில்லை. லாகிலிருந்து அழித்துவிடலாமா?

லாஸ்பேட்டை தந்திக்காரர்

அழிக்காதீர்கள் அம்மா. இரட்டைப் பதிவுக்குத் தண்டம் கிடையாது, அவர்களே எடுத்துவிடுவார்கள். நீங்கள் அழித்தால்தான் எதிர்ப்பக்கத்து லாகோடு இடிக்கும்.

ஞாயிறு நாலரை மணி வாக்கில் அந்த ஃபின்லாந்துக்காரரிடம் நீங்கள் மல்லுக்கட்டியதை இங்கிருந்து கேட்டேன். ஊசி அசையவில்லை, இரைச்சலுக்கு அடியில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. ஆனால் விக்டர் விக்டராகவே இருந்தது. முடித்ததும் நான் உங்களை இரண்டு தரம் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரே நாடு, புள்ளி பூஜ்யம். ஆனால் பெருக்குவதற்கு இந்தியா ஒன்றும், 22-ஆம் மண்டலம் ஒன்றும் கிடைத்திருக்கும். அது உங்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறதா பாருங்கள்.

லாகை அனுப்பிவிட்டீர்களா? போட்டி முடிந்து 5 நாள்தான் கெடு. 73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).