படம் ஓடும்போது திரை அணைவது: டைமரை நிறுத்துவதா, பிளேயரிடம் விடுவதா?

முனையம்:
லினக்ஸில் முழுத்திரையில் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பத்தாவது நிமிடம் திரை கறுத்துவிடுகிறதா? இரண்டு கட்டளை போதும் என்பது என் கட்சி: 'எக்ஸ்செட் எஸ் ஆஃப்', 'எக்ஸ்செட் மைனஸ் டிபிஎம்எஸ்'. முதலாவது எக்ஸ் சர்வரின் (லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் கவனிக்கும் அடிப்படை நிரல்) திரைக்காப்பு டைமரை நிறுத்தும். இரண்டாவது மானிட்டரின் மின்சிக்கன டைமரை நிறுத்தும். இரண்டுக்குமே வழக்கமான அளவு 600 நொடி. லாகின் ஸ்கிரிப்டில் போட்டுவிட்டால் பிறகு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தாழ்ப்பாள்:
இதை எல்லாருக்கும் பரிந்துரைப்பது தவறு. நீங்கள் நிறுத்தியது இரண்டு டைமர். மூன்றாவது ஒன்று இருக்கிறது. எக்ஸ்ஸ்கிரீன்சேவர் நிரல் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 'எக்ஸ்செட் க்யூ' டைம்அவுட் பூஜ்யம் என்று காட்டினாலும் அது தன் நேரத்துக்கு வந்து திரையை மூடும். இதற்கு நேர்மாறாக, பூட்டை இயக்கும் எக்ஸ்எஸ்எஸ்-லாக் நிரல், சும்மா கிடக்கும் நேரத்தை அறிய எக்ஸ் சர்வரின் டைமரைத்தான் நம்புகிறது. 'எஸ் ஆஃப்' போட்டால் அந்த வழியில் பூட்டே விழாது. படம் முடிந்த பிறகும், ஆள் எழுந்து போன பிறகும் மெஷின் திறந்தே கிடக்கும். ஒரு மணி நேரப் படத்துக்காக நாள் முழுக்கப் பூட்டைக் கழற்றி வைப்பது என்ன நியாயம்?

முனையம்:
அப்படியானால் நாள் முழுக்க வேண்டாம். சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று: முதல் வரியில் டைமரை நிறுத்து, இரண்டாவதில் பிளேயரை ஓட்டு, மூன்றாவதில் 'எஸ் ஆன்', 'பிளஸ் டிபிஎம்எஸ்'. பிளேயர் இடையில் விழுந்தாலும் ஷெல் அடுத்த வரிக்குப் போகத்தானே செய்யும்?

தாழ்ப்பாள்:
பிளேயர் விழுந்தால் போகும், சரி. டெர்மினல் சாளரத்தையே மூடினால் ஸ்கிரிப்டும் சேர்ந்து சாகும்; மூன்றாவது வரி ஓடவே ஓடாது. அந்த வரியை 'ட்ராப்' என்ற ஷெல் கட்டளை போட்டு எக்ஸிட்டில், அதாவது ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும்படி, கட்ட வேண்டும். அதன் பிறகும் ஒரு ஓட்டை உண்டு. இரண்டு பிளேயர் திறந்திருந்தால், முதலில் மூடுவது டைமரை மறுபடி ஓடவிட்டுவிடும். ஒரே சுவிட்சை இரண்டு பேர் தட்டினால் இப்படித்தான்.

நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் தடமான டி-பஸ்ஸில் ஃப்ரீடெஸ்க்டாப் ஸ்கிரீன்சேவர் என்ற இடைமுகம் இருப்பதே இதற்காகத்தான். பிளேயர் 'இன்ஹிபிட்' (திரையை அணைக்காதே) என்று கேட்கும், அடையாளமாக ஒரு குக்கீ எண் கிடைக்கும். முடிந்ததும் அதே எண்ணைக் கொடுத்து 'அன்இன்ஹிபிட்' சொல்லும். ஒவ்வொரு பிளேயருக்கும் தனி எண், அதனால் ஒன்று விலகினாலும் மற்றதன் தடை நிற்கும். பிளேயர் செத்தால் டி-பஸ் இணைப்பு அறுந்து, தடையும் தானாக விலகும். டைமரைத் தொடவே தேவையில்லை.

நிழல்சாளரம்:
தாழ்ப்பாள் சொல்வதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். டெர்மினலில் 'டிபஸ்-சென்ட்' வைத்து இன்ஹிபிட் அனுப்பினால் குக்கீ எண் அழகாக வரும், ஆனால் திரை அணைவது நிற்காது. பதில் வந்த நொடியே அந்த நிரல் முடிந்துவிடுகிறது. இணைப்பு போனதும் தடையும் போச்சு. இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிரல் ஒன்று கூடவே ஓட வேண்டும். க்னோம் டெஸ்க்டாப்பில் அது தயாராகவே இருக்கிறது: 'க்னோம்-செஷன்-இன்ஹிபிட் --இன்ஹிபிட் ஐடில்' என்று போட்டு, அதே வரியில் பிளேயர் பெயரையும் கோப்பையும் எழுதுங்கள்.

எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்டில் எக்ஸ்செட் பேச்சுக்கே இடமில்லை. அது தொடுவது பழைய எக்ஸ் நிரல்களுக்கான எக்ஸ்வேலேண்டை மட்டுமே, திரையை அணைப்பது சாளரங்களை நிர்வகிக்கும் காம்போசிட்டர். ஸ்வே என்ற காம்போசிட்டரில் 'ஃபார்_விண்டோ' விதி ஒன்றில் 'இன்ஹிபிட்_ஐடில் ஃபுல்ஸ்கிரீன்' எழுதினால் போதும்.

முனையம்:
எல்லா இடத்துக்கும் பொதுவாக 'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --வாட்=ஐடில்' இருக்கிறதே. ஏன் இத்தனை வழி?

நிழல்சாளரம்:
அது பேசுவது சிஸ்டம்டியின் லாகின் சேவையான லாகின்ட்-இடம். லாகின்ட் தானே எடுக்கும் ஐடில் (மெஷின் சும்மா கிடக்கும்போதான) நடவடிக்கையை அது உறுதியாகத் தடுக்கும். டெஸ்க்டாப் தன் சொந்த டைமரை வைத்திருந்தால் அதை மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.  'சிஸ்டம்டி-இன்ஹிபிட் --லிஸ்ட்' பட்டியலில் பெயர் இருந்தும் திரை அணைவதற்கு இதுதான் காரணம்.

ஒலிப்பெட்டி:
மூவருமே பிளேயர் ஒழுங்காகக் கேட்கும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். கேட்காத நிரல்கள் எத்தனையோ. எக்ஸில், சும்மா கிடக்கும் நேரத்தைப் பார்த்துக் கட்டளையை ஓட்டும் எக்ஸ்ஐடில்ஹுக் போடுங்கள்: '--நாட்-வென்-ஃபுல்ஸ்கிரீன்', '--நாட்-வென்-ஆடியோ', பிறகு '--டைமர் 300', அதன் பின் பூட்டும் கட்டளை, கடைசியில் ஒரு வெற்று மேற்கோள் (''). எந்த பிளேயராக இருந்தாலும் சத்தம் வந்தால் பூட்டாது.

தாழ்ப்பாள்:
இதற்கு நான் உடன்பட மாட்டேன். சத்தத்தை வைத்து முடிவெடுத்தால், பின்னால் ஏதோ ஒரு டேபில் பாட்டு ஓடும்வரை மெஷின் பூட்டாது. முழுத்திரையை வைத்து முடிவெடுத்தால், படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனவரின் திரையும் பூட்டாது. எம்பிவி பிளேயர் இதைச் சரியாகச் செய்கிறது: 'ஸ்டாப்-ஸ்கிரீன்சேவர்' இயல்பாகவே 'எஸ்', படம் ஓடும்போது மட்டும் தடை, பாஸ் போட்டால் விலகும். பாஸிலும் திரை அணையக் கூடாது என்றால் 'ஆல்வேஸ்' என்று மாற்றலாம். ஓடுகிறதா நிற்கிறதா என்பது பிளேயருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து ஊகிக்கும் நிரலுக்குத் தெரியாது.

ஒலிப்பெட்டி:
பாஸ் விஷயம் சரி, முழுத்திரை விருப்பத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எக்ஸ்ஸ்கிரீன்சேவரின் பழைய பதிப்போடு, கேட்கத் தெரியாத பிளேயர் இருந்தால்?

தாழ்ப்பாள்:
அங்கே வேறு வழியில்லை. பிளேயரின் செயல்முறை எண் உயிரோடு இருக்கும்வரை, 50 நொடிக்கு ஒருமுறை 'எக்ஸ்ஸ்கிரீன்சேவர்-கமாண்ட் -டீஆக்டிவேட்' ஓடும் லூப் வையுங்கள். விசையைத் தட்டியதுபோல அதன் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். இடைவெளி டைமரைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த வழியானாலும் சோதித்துப் பாருங்கள். திரைக்காப்பு நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்து, படத்தை இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பாஸ். பிறகு மறுபடி ஓட்டி, 'கில் -9' போட்டு பிளேயரைக் கொல்லுங்கள். முதலில் திரை அணையக் கூடாது. மற்ற இரண்டிலும் ஒரு நிமிடத்தில் பூட்டு விழ வேண்டும்.

முனையம்:
டெர்மினலை மூடும்போது என் ஸ்கிரிப்ட் 'ட்ராப்' இருந்தால்தான் நம்பத்தக்கது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பூட்டே தேவைப்படாத, படம் காட்ட மட்டுமே வைத்திருக்கும் எக்ஸ் பெட்டிக்கு இரண்டு வரி எக்ஸ்செட் போதும் என்பதில் மாற்றமில்லை.

தாழ்ப்பாள்:
அந்த ஒரு பெட்டிக்குச் சரி. லேப்டாப்பில் வேண்டாம்.