ராக்ம் இல்லையென்றால் பயனருக்கு எப்படிச் சொல்வது?

நண்பர்களே, வணக்கம். அழைப்பிதழில் பெயர் அச்சிட பைத்தானில் ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருக்கிறேன். எழுத்தை வரைவது பில்லோ என்ற பைத்தான் பட நூலகம். தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ராக்ம் என்ற நூலகம் அதற்குக் கட்டாயமில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பில்லோ சத்தமில்லாமல் அடிப்படை முறைக்கு மாறிவிடுகிறது. 'மேகலை' என்று அடித்தால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் விழுகின்றன. விண்டோஸில் ராக்ம் இயங்க ஃபிரிபிடி என்ற இன்னொரு நூலகத்தின் கோப்பும் தனியாக வேண்டும், பலரிடம் அது இருக்காது.

ராக்ம் இருக்கிறதா என்று நிரலில் சோதிக்க முடிகிறது, அது சரி. எச்சரிக்கையை எப்போது காட்டுவது? திறந்தவுடன் காட்டினால் ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்குத் தொல்லை. தமிழ் எழுத்து வரும்போது என்றால், வெறும் எச்சரிக்கை போதுமா, அச்சிடுவதையே நிறுத்திவிடலாமா? நிறுத்துவதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. யாருடைய பெயரும் சிதைந்து அச்சாகக் கூடாது. இதைச் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.